வசந்தகால வான்கோழி வேட்டை: புதிதாகத் தொடங்குபவர்கள் கேட்கும் கேள்விகள்

பென்சில்வேனியாவில் குடியேறி பதினேழு வருடம் ஆகிறது. அதில் பதினொரு வசந்தங்களை வான்கோழிக் காட்டில் கழித்திருக்கிறேன். ஏப்ரல் பிறந்ததும் அலுவலக நண்பர்களும் தமிழ்ச் சங்கத்தில் பழக்கமானவர்களும் போன் செய்து சந்தேகம் கேட்பார்கள். ஏறக்குறைய எல்லோரும் கேட்பது ஒன்றுபோலவே இருப்பதால், அவர்கள் கேட்ட வாக்கிலேயே கேள்விகளைத் தொகுத்துப் பதில் எழுதியிருக்கிறேன். விதிகளைப் பற்றிப் பேசும் இடங்களில் பென்சில்வேனியாவைத்தான் சொல்கிறேன். நாள், நேரம், தோட்டா, எண்ணிக்கை எல்லாம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். உங்கள் மாநிலத்தின் அந்த வருடத்து விதிகளைப் படித்துவிட்டுக் கிளம்புங்கள்.

வான்கோழி விருந்து வைக்கிற தேங்க்ஸ்கிவிங் நவம்பர்லதானே வருது, வான்கோழியை எதுக்கு வசந்தத்துல வேட்டையாடுறாங்க?

பல மாநிலங்களில் இலையுதிர் காலத்திலும் ஒரு சீசன் உண்டு. ஆனாலும் ஆட்கள் காத்திருப்பது வசந்தத்துக்குத்தான், ஏனென்றால் அது இணைசேரும் காலம். விடிவதற்கு முன்பே சேவல் மரக்கிளையில் இருந்தபடி கத்தி, தான் இருக்கும் இடத்தைப் பெட்டைகளுக்குச் சொல்லும். பெட்டை அந்தச் சத்தத்தைத் தேடி நடந்து போகும். வேட்டைக்காரர் பெட்டையின் குரலில் கூப்பிட்டுச் சேவலைத் தன் பக்கம் வரவழைக்கப் பார்க்கிறார். இயற்கையில் நடப்பதற்கு இது நேர் எதிர். இந்த வேட்டையின் கஷ்டமெல்லாம் இதிலிருந்துதான் வருகிறது. கீழே பல பதில்களில் இதற்கே திரும்பி வருவேன்.

வசந்தத்தில் பெரும்பாலும் தாடியுள்ள, அதாவது மார்பில் கயிறுபோல் ஒன்று தொங்கும் பறவையை மட்டும்தான் எடுக்கலாம். ஒரு சேவல் பல பெட்டைகளோடு சேரும். ஒருமுறை சேர்ந்த பெட்டை வாரக்கணக்கில் கருவுள்ள முட்டைகளை இடும். அதனால் பெட்டைகளில் பெரும்பாலானவை இணைசேர்ந்த பிறகு சீசன் திறக்கும்படி நாள் குறிக்கிறார்கள். இங்கே அது மே 1-ஐ ஒட்டி வரும் சனிக்கிழமை.

கடையில விக்கிற டர்க்கியும் இதுவும் ஒண்ணுதானே? அது அவ்வளவு மந்தமா இருக்கே?

இனம் ஒன்றுதான். மெக்சிகோ பகுதியில் பழங்குடியினர் பழக்கிய வான்கோழி 1500களில் ஸ்பானியர் வழியாக ஐரோப்பா போய், வளர்ப்புப் பறவையாக அமெரிக்காவுக்கே திரும்பி வந்தது. பண்ணைப் பறவையைப் பார்த்துக் காட்டுப் பறவையை எடை போடாதீர்கள். காட்டுச் சேவல் மணிக்கு 25 மைல் வரை ஓடும், 50 மைலுக்கு மேல் பறக்கும், இரவில் உயரமான மரத்தில் உறங்கும். நிறங்களை நம்மைவிட நுட்பமாகப் பிரித்தறியும். கண்கள் பக்கவாட்டில் இருப்பதால் தலையைக் கொஞ்சம் திருப்பினாலே சுற்றிலும் பார்த்துவிடும். மோப்பம் மட்டும் மிகக் குறைவு. மான் வேட்டையில் கவலைப்படுவதுபோல் காற்றின் திசையைப் பற்றி இங்கே கவலை வேண்டாம்.

நம்ம நாட்டுல வேட்டை குற்றம். இங்க மட்டும் எப்படிங்க சரியாகும்?

நான் மிகவும் மதிக்கும் கேள்வி இது. இந்தியாவில் 1972-இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடுத்தது. அங்கே இருந்த நிலைமைக்கு அது தேவையான சட்டம். அமெரிக்கா வேறு வழியில் போனது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காடழிப்பாலும் சந்தைக்காகக் கணக்கில்லாமல் சுட்டதாலும் பல மாநிலங்களில் வான்கோழி அடியோடு இல்லாமல் போயிருந்தது. பண்ணையில் குஞ்சு பொரித்துக் காட்டில் விட்டுப் பார்த்தார்கள். காட்டில் பிழைக்கக் கற்றுத்தரத் தாய் இல்லாததால் அவை தங்கவில்லை. பிறகு, மீதமிருந்த காட்டுக் கூட்டங்களை வெடியால் பாயும் வலைகளை வீசிப் பிடித்து, இல்லாத இடங்களுக்குக் கொண்டுபோய் விட்டார்கள். அது பலித்தது. மிசூரி மாநிலம் 1960-இல் வெறும் 3 நாள் சீசன் திறந்தபோது கிடைத்தவை 94 சேவல்கள். இன்று அலாஸ்கா தவிர 49 மாநிலங்களிலும் வான்கோழி இருக்கிறது.

இதற்கான பணத்தில் பெரும்பங்கு வேட்டைக்காரர்கள் கொடுத்தது. உரிமக் கட்டணம் ஒருபுறம் இருக்க, 1937-இன் பிட்மன்-ராபர்ட்சன் சட்டப்படி நீளத் துப்பாக்கிகளுக்கும் தோட்டாக்களுக்கும் போடும் 11 சதவீத வரி மாநில வனவிலங்குத் துறைகளுக்கே போகிறது. 1973-இல் தொடங்கிய தேசிய காட்டு வான்கோழிக் கூட்டமைப்பு வாழிடங்களைச் சீர்ப்படுத்துகிறது. எண்ணிக்கை குறைந்தால் ஒருவர் எடுக்கக்கூடிய அளவையும் குறைக்கிறார்கள். டென்னசியில் 2023-இல் ஒருவருக்கு இரண்டு சேவல் என்று குறைத்து, சீசனையும் இரண்டு வாரம் தள்ளிவைத்தார்கள். ஒரு உயிரைக் கொல்வது உங்களுக்கு ஒப்பாது என்றால், அதை எந்தப் புள்ளிவிவரத்தாலும் நான் மாற்ற முயல மாட்டேன்.

நான் எச்1பி-ல இருக்கேன். துப்பாக்கியைத் தொடலாமா?

இதை அவசியம் நிதானமாகப் படியுங்கள். குடியேற்ற விசா அல்லாத விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதைக் கூட்டாட்சிச் சட்டம் பொதுவாகத் தடுக்கிறது. எச்1பி, எல்1, எஃப்1 எல்லாம் இதில் அடங்கும். ஆனால் சில விலக்குகள் உண்டு. அமெரிக்காவில் ஒரு மாநிலம் முறையாகக் கொடுத்த, காலாவதியாகாத வேட்டை உரிமம் கையில் இருப்பது அவற்றில் ஒன்று. கிரீன் கார்டு உள்ளவர்களுக்கு இந்தத் தடை இல்லை.

ஆகவே உரிமம் முதலில், துப்பாக்கி பிறகு. வரிசை மாறினால் அது குற்றம், விசாவையே பாதிக்கும். நண்பரின் துப்பாக்கியை இரவல் வாங்கிச் சுட்டுப் பார்ப்பதும் இதில் சேரும். ஒரு குடியேற்ற வழக்கறிஞரிடம் அரைமணி நேரம் பேசிவிடுவது நல்லது. வில்லும் கிராஸ்போ என்னும் விசைவில்லும் இந்தச் சட்டத்தின் கணக்கில் துப்பாக்கி அல்ல. பென்சில்வேனியாவில் இரண்டாலும் வான்கோழி வேட்டையாடலாம்.

லைசென்ஸ் எப்படி வாங்குறது?

முதல்முறை வாங்குபவர் எந்த வயதானாலும் வேட்டைப் பாதுகாப்பு வகுப்பை முடித்திருக்க வேண்டும். நேரில் நடக்கும் வகுப்பு இலவசம், பெரியவர்கள் இணையத்திலும் படிக்கலாம். நேரில் போங்கள் என்பேன். துப்பாக்கியைக் கையில் வாங்குவது, வேலி தாண்டும்போது எப்படி வைப்பது என்பதையெல்லாம் திரையில் பார்த்துப் பழக முடியாது. உள்ளூர்வாசிக்கு உரிமம் சுமார் 21 டாலர். வசந்தத்தில் ஒரு சேவலுக்கான டேக், அதாவது எடுத்த பறவையில் கட்டும் சீட்டு, அதிலேயே வரும். இரண்டாவது சேவலுக்குத் தனியாகக் காசு கட்ட வேண்டும்.

மொத்தத்துல எவ்வளவு செலவாகும்? கடைக்குப் போனா தலை சுத்துது.

கடையில் இருப்பதில் பாதிக்கு மேல் முதல் வருடத்துக்குத் தேவையில்லை. துப்பாக்கி, சரியான தோட்டா, முகத்தையும் கையையும் மறைக்கும் துணி, பெட்டையின் குரல் எழுப்பும் ஒரே ஒரு அழைப்பான், உட்கார ஒரு மெத்தை. இவ்வளவுதான். இதில் மெத்தைக்கு நான் அதிக மதிப்பெண் கொடுப்பேன். ஈர மண்ணில், வேரின்மேல் ஒரு மணி நேரம் அசையாமல் உட்கார வேண்டும். இடுப்பு வலித்தால் அசைவீர்கள், அசைந்தால் அது பார்த்துவிடும். இருபது டாலர் மெத்தை இருநூறு டாலர் சட்டையைவிட அதிகம் உதவும்.

பல பைகளுடன் வரும் வெஸ்ட் வசதியானதுதான், அடுத்த வருடம் வாங்கலாம். மறைவுக் கூடாரம் குழந்தைகளோடு போகிறவர்களுக்கும் வில்லால் வேட்டையாடுகிறவர்களுக்கும் பயன்படும். மற்றவர்களுக்கு ஒரு பருத்த மரம் போதும்.

12 கேஜ் வாங்கவா, 20 கேஜ் வாங்கவா?

கேஜ் என்பது ஷாட்கன் குழலின் அளவு, எண் கூடினால் குழல் சிறியது. ஏற்கெனவே வீட்டில் எது இருக்கிறதோ அது. புதிதாக வாங்குவதென்றால் 20 கேஜைக் குறைவாக நினைக்காதீர்கள். எடை குறைவு, உதையும் குறைவு, இன்றைய தோட்டாக்களோடு 40 கெஜத்துக்குத் தாராளமாகப் போதும். 12 கேஜில் மூன்றரை அங்குலத் தோட்டா போட்டு ஒருமுறை சுட்டவர்கள் அடுத்த தடவை விசையை இழுக்கும்போதே கண்ணை மூடிக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பயம் ஒட்டிக்கொண்டால் போக வருடங்கள் ஆகும். மூன்று அங்குலத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

இங்கே வசந்தத்தில் ரைஃபிளுக்கு அனுமதி இல்லை. வீட்டில் குழந்தைகள் இருந்தால் பூட்டும் பெட்டியைத் துப்பாக்கி வாங்கும் அன்றைக்கே வாங்கிவிடுங்கள்.

சோக்னா என்ன? காகிதத்துல சுட்டுப் பாருங்கன்னு ஏன் எல்லாரும் சொல்றாங்க?

ஷாட்கன் தோட்டாவுக்குள் நூற்றுக்கணக்கில் ரவைகள் இருக்கும். குழலை விட்டு வெளியே வந்ததும் அவை விரியும். குழலின் முனையில் திருகிப் பொருத்தும் குறுகலான துண்டுதான் சோக். அது குறுகக் குறுக ரவைகள் நெருக்கமாகப் போகும். வான்கோழியின் தலையும் கழுத்தும்தான் இலக்கு என்பதால் ஃபுல் அல்லது அதைவிட இறுக்கமான, வான்கோழிக்கென்றே விற்கும் சோக் தேவை.

ஒரே சோக், ஒரே தோட்டா, ஆனால் இரண்டு துப்பாக்கிகளில் இரண்டு விதமாக விரியும். அதனால்தான் காகிதம். முதலில் 20 கெஜத்தில் சுட்டு, குறிவைத்த இடத்தில்தான் விழுகிறதா என்று பாருங்கள். என் துப்பாக்கி இடப்பக்கம் ஒரு சாண் தள்ளி அடித்துக்கொண்டிருந்ததை இப்படித்தான் கண்டுபிடித்தேன். இரண்டு வருடமாக அதோடு காட்டுக்குப் போய்க்கொண்டிருந்தேன். பிறகு 40 கெஜத்தில் 10 அங்குல வட்டம் வரைந்து சுடுங்கள். உள்ளே 100 ரவைக்குக் குறையாமல் விழுந்தால் அந்தத் தூரம் உங்களுடையது என்பது இங்கே வழங்கும் பழைய கணக்கு. விழாவிட்டால் 35, 30 என்று கிட்டே வாருங்கள். எந்தத் தூரத்தில் நம்பிக்கை வருகிறதோ அதுதான் உங்கள் எல்லை. வேறொருவர் சொன்ன தூரத்தை எடுத்துக்கொள்ளாதீர்கள்.

டிஎஸ்எஸ் தோட்டா ஒண்ணு பத்து டாலருக்கு மேல சொல்றாங்க. அது இல்லாம முடியாதா?

முடியும். பல தலைமுறை ஈய ரவையால்தான் வேட்டையாடியது. டிஎஸ்எஸ் என்பது டங்ஸ்டன் கலவை. ஒரு கன சென்டிமீட்டர் ஏறக்குறைய 18 கிராம், ஈயம் 11 சொச்சம். கனம் அதிகம் என்பதால் மிகச் சிறிய 9-ஆம் எண் ரவைகூட ஆழமாகப் பாயும். சிறிய ரவை என்பதால் ஒரே தோட்டாவில் எண்ணிக்கையும் அதிகம். 20 கேஜ், அதைவிடச் சிறிய குழலுள்ள .410 வைத்திருப்பவர்களுக்கு இது உண்மையிலேயே பெரிய உதவி. 12 கேஜில் 40 கெஜத்துக்குள் சுடுபவருக்கு 5 அல்லது 6-ஆம் எண் ஈய ரவையே போதும். எண் கூடக் கூட ரவை சிறியது என்பதை நினைவில் வையுங்கள். இங்கே ஈயத்தில் 4-ஆம் எண்ணைவிடப் பெரிய ரவைக்கு அனுமதி இல்லை.

டிஎஸ்எஸ்-ஐ நம்பி அறுபது, எழுபது கெஜத்தில் சுடுவதை நான் ஏற்பதில்லை. கண்ணால் தூரத்தைக் கணிப்பதில் எல்லோரும் தவறுவோம். காயத்தோடு தப்பி, எங்கோ புதரில் சாகும் பறவைக்கு அந்தத் தவறு போய்ச் சேரும்.

கேமோ (காட்டோடு கலந்து மறைக்கிற உடை) தலை முதல் கால் வரைக்கும் வேணுமா? பழைய ஜீன்ஸ் போடலாமா?

ஜீன்ஸ் வேண்டவே வேண்டாம். நீலம், சிவப்பு, வெள்ளை மூன்றும் சேவலின் தலை நிறங்கள். உணர்ச்சிவசப்பட்டால் தலை வெளுக்கும், முகம் நீலம் பாயும், கழுத்துச் சதை சிவக்கும். இந்த மூன்று நிறத்தில் எது உங்கள் உடம்பில் தெரிந்தாலும், புதருக்கு அப்பால் இருக்கும் இன்னொரு வேட்டைக்காரர் கண்ணில் நீங்கள் வான்கோழி. கைக்குட்டை, காலுறை, உள்சட்டையின் கழுத்துப் பட்டை வரை பாருங்கள். கறுப்பையும் தவிர்த்துவிடுங்கள்.

மற்றபடி மங்கிய பச்சை, பழுப்பு எதுவும் சரி. முகத்தையும் கைகளையும் மறைப்பதுதான் முக்கியம், ஏனென்றால் அசைவது அவைதான். துணியைப் பளிச்சிட வைக்கும் சோப்பில் துவைக்காதீர்கள். அந்தப் புற ஊதா ஒளிர்வு நமக்குத் தெரியாது, பறவைக்குத் தெரியும். நடக்கும்போது ஆரஞ்சுத் தொப்பி போட்டுக்கொண்டு, உட்கார்ந்ததும் கழற்றி வையுங்கள். சட்டம் கட்டாயப்படுத்தாவிட்டாலும் நான் இதை விடுவதில்லை.

எந்த அழைப்பான் முதல்ல வாங்கணும்? வாயில வெச்சா குமட்டுது.

மூன்று வகை உண்டு. பாக்ஸ் என்பது மரப்பெட்டி. மூடியை அதன் விளிம்பில் இழுத்தால் பெட்டையின் குரல் வரும். பாட் என்பது கற்பலகை அல்லது கண்ணாடி பதித்த வட்டு; ஒரு குச்சியால் அதன்மேல் சின்ன வட்டம் போட வேண்டும். மூன்றாவது டயஃப்ரம், அண்ணத்தில் ஒட்டிவைத்து ஊதும் ரப்பர் சவ்வு.

முதல் வருடம் பாக்ஸ் வாங்குங்கள். பத்து நிமிடத்தில் உருப்படியான சத்தம் வரும், தூரமாகவும் கேட்கும். ஆனால் பாக்ஸ், பாட் இரண்டுக்கும் கை அசைய வேண்டும், சேவல் கண்ணில் படும் நேரத்தில் அது ஆகாது. அங்கேதான் டயஃப்ரம் தேவைப்படுகிறது. குமட்டல் எல்லோருக்கும் வரும். காரில் போகும்போது ஊதாமல் வாயில் மட்டும் வைத்துப் பழகுங்கள்; ஓரத்தைக் கொஞ்சம் கத்தரித்தால் அண்ணத்தில் அமரும். மின்சாரத்தில் இயங்கும் அழைப்பானுக்கு இங்கே தடை உண்டு, போனில் சத்தம் போடுவதும் அதில் சேரும்.

எத்தனை விதமான சத்தம் கத்துக்கணும்?

இரண்டு. யெல்ப் என்னும் மூன்று முதல் ஏழு வரை தொடரும் அழைப்பு, கிளக் என்னும் ஒற்றைச் சொடுக்கு. யெல்ப்பில் குரல் முக்கியமல்ல, தாளம் முக்கியம். உண்மையான பெட்டைகள் சில நேரம் கர்ணகடூரமாகக் கத்தும், ஆனால் தாளம் தப்பாது. பிறகு மெல்லிய பர் சத்தத்தைச் சேர்த்துக்கொள்ளலாம். திருப்தியாக மேயும் பறவை போடுவது அது. கூர்மையாக "பட், பட்" என்று கேட்டால் அது எச்சரிக்கை. உங்களைப் பார்த்துவிட்டது என்று பொருள், அந்தச் சத்தத்தை நீங்கள் போட்டுவிடாதீர்கள்.

ஆந்தை, காக்கை போலக் குரல் கொடுக்கும் கருவிகளும் உண்டு. திடீரென்று ஆந்தை அலறினால் சேவல் தன்னையறியாமல் கத்திவிடும், இடம் தெரிந்துவிடும்.

எங்க போறது? எனக்குச் சொந்த நிலம் இல்லையே.

இங்கே மாநில வேட்டை நிலங்கள் மட்டும் சுமார் 15 லட்சம் ஏக்கர், மாநிலக் காடுகள் தனி. தனியார் நிலமானால் நேரில் போய்க் கேளுங்கள். சீசனுக்கு முந்தைய வாரத்தில் போய் நிற்காமல் பிப்ரவரியிலேயே போய்ப் பேசுங்கள். என் முதல் சேவல் கிடைத்தது அப்படி அனுமதி கொடுத்த ஒரு பால் பண்ணையில்.

ஏப்ரலில் துப்பாக்கி இல்லாமல் போய்க் கவனியுங்கள். இலைச்சருகைக் கிளறிய இடம், உதிர்ந்த இறகு, மூன்று விரல் தடம், சேவல் இறக்கையை இழுத்து நடந்த கோடுகள் எல்லாம் கண்ணில் படும். எச்சமும் சொல்லும்: சேவலுடையது ஆங்கில ஜே எழுத்துப்போல் நீளமாக, பெட்டையுடையது சுருண்டு உருண்டையாக. அந்தி சாயும்போது எந்த மரத்தில் ஏறுகின்றன என்று தூரத்தில் இருந்து கேட்டுவைத்தால் பாதி வேலை முடிந்தது. இந்த நாட்களில் அழைப்பானைத் தொடாதீர்கள். மே மாதம் ஏமாற்ற வேண்டியதை ஏப்ரலிலேயே உஷார்ப்படுத்தக் கூடாது.

எத்தனை மணிக்குக் காட்டுக்குள்ள இருக்கணும்?

சூரிய உதயத்துக்கு ஒரு மணி நேரம் முன்பு. இருட்டில் வான்கோழிக்குக் கண் சரியாகத் தெரியாது, அந்த மறைவில் நடந்து போய் உட்கார்ந்துவிட வேண்டும். உறங்கும் மரத்திலிருந்து 100 முதல் 150 கெஜம் விட்டு, உங்கள் தோளைவிட அகலமான மரத்தில் முதுகைச் சாய்த்து உட்காருங்கள். பின்னால் வருபவரின் குண்டு உங்கள்மேல் படாமல் காப்பதும் அந்த மரம்தான். சுட அனுமதி உதயத்துக்கு அரைமணி முன்பு தொடங்குகிறது. சீசனின் முதல் பாதியில் நண்பகலோடு முடித்துவிட வேண்டும், கடைசி வாரங்களில் நாள் முழுக்க.

விடியலில் எதுவும் நடக்கவில்லை என்று ஏழு மணிக்கே காபி குடிக்கப் போகாதீர்கள். பெட்டை நாளுக்கு ஒன்று என்று பத்துப் பன்னிரண்டு முட்டை இடும், 28 நாள் அடைகாக்கும். காலையில் சேவலோடு இருந்துவிட்டு, நேரம் ஏறியதும் கூட்டுக்கு நழுவிவிடும். ஒன்பது மணிக்கு மேல் தனியாகிவிட்ட சேவல் உங்கள் குரலைக் கேட்டு நேராக வரலாம்.

பதிலுக்குப் பதில் கத்துது, ஆனா கிட்ட வரவே மாட்டேங்குது. என்ன செய்ய?

முதல் பதிலில் சொன்னதுதான். சேவல் "நீ வா" என்கிறது. நீங்கள் திரும்பத் திரும்பக் கூப்பிட்டால், இந்தப் பெட்டை எப்படியும் வந்துவிடும் என்று அது நின்ற இடத்திலேயே தோகை விரித்துக் காத்திருக்கும். அப்போது அழைப்பானைக் கீழே வையுங்கள். இருபது நிமிடம், அரைமணி நேரம் மௌனமாக இருங்கள். கையால் சருகைக் கிளறுங்கள், அது மேயும் பெட்டையின் சத்தம். ஓடை, வேலி, பள்ளம் ஏதாவது நடுவில் தடுக்கிறதா என்று யோசியுங்கள். அப்படித் தடை இருந்தால் அது சுலபமாக நடந்து வரக்கூடிய பக்கமாக நீங்கள் பெரிய வளைவு போட்டு இடம் மாறலாம்.

மௌனம் ஆகிவிட்டது என்றால் போய்விட்டது என்று பொருள் அல்ல. நான் இழந்த சேவல்களில் அதிகம் இப்படி இழந்தவை. கத்தல் நின்றதே என்று எழுந்திருப்பேன், முப்பது கெஜத்தில் இறக்கைச் சத்தம் கேட்கும். அது வாயை மூடிக்கொண்டு நடந்து வந்துகொண்டிருந்திருக்கிறது.

டிகாய் வெச்சே ஆகணுமா?

நம் ஊரில் கௌதாரி பிடிப்பவர்கள் "பார்வை" என்று ஒரு பறவையை வைப்பார்களே, அதன் ரப்பர் வடிவம்தான் இது. திறந்த வயலில் நன்றாக உதவும், ஏனென்றால் சேவல் தூரத்திலிருந்தே பெட்டையைத் தேடும். அடர்ந்த காட்டில் தேவையில்லை; சத்தம் வந்த இடத்தைப் பார்க்கவே அது கிட்டே வந்தாக வேண்டும். வைப்பதானால் ஒரு பெட்டை, கூட ஒரு விடலைச் சேவல் போதும். உங்களிடமிருந்து 15, 20 கெஜத்தில் வையுங்கள். அலபாமா போன்ற மாநிலங்கள் சீசன் தொடக்க நாட்களில் டிகாயைத் தடுத்திருக்கின்றன, பார்த்துக்கொள்ளுங்கள்.

கொண்டுபோகும்போது பைக்குள் முழுக்க மறைந்திருக்க வேண்டும். ரப்பர் தலை வெளியே ஆடிக்கொண்டிருந்தால் என்ன ஆகும் என்று கேமோ கேள்வியில் சொல்லிவிட்டேன்.

அது வரலைன்னா, சத்தத்தைப் பிடிச்சு நான் பதுங்கிப் போனா என்ன?

போகாதீர்கள். பென்சில்வேனியாவில் வசந்த வேட்டை அழைத்துச் சுடுவதற்கு மட்டும்தான், பதுங்கித் துரத்துவது குற்றம். அதைவிடப் பெரிய காரணம், நீங்கள் கேட்ட அந்தக் குரல் இன்னொரு மனிதர் போட்டதாக இருக்கலாம். ஐந்தாம் வருடம் ஒரு காலையில் நான் யெல்ப் போட்டுக்கொண்டிருந்தபோது புதருக்குள் காலடிச் சத்தம் கேட்டது. வந்தது ஒரு மனிதர், துப்பாக்கியை ஏந்தியபடி குனிந்து வந்தார். மரத்தோடு ஒட்டி அசையாமல் இருந்து, "இங்கே ஆள் இருக்கிறேன்" என்று உரக்கச் சொன்னேன். அவர் முகம் வெளுத்ததை இன்னும் மறக்கவில்லை.

உங்களுக்கு இப்படி நேர்ந்தால் கையை ஆட்டாதீர்கள், எழாதீர்கள், வான்கோழிக் குரல் கொடுக்காதீர்கள். மனிதக் குரலில் சத்தமாகப் பேசுங்கள். விசிறித் தோகையை முன்னே பிடித்துக்கொண்டு ஊர்ந்து போகும் ஒரு முறை இப்போது பரவியிருக்கிறது. பொது நிலத்தில் அதை ஒருபோதும் செய்யாதீர்கள்.

ஆண் எது பெண் எதுன்னு எப்படி உறுதியா சொல்றது?

தலையையும் மார்பையும் பாருங்கள். சேவலின் தலை மேலே சொன்ன மூன்று நிறத்தில் மயிரின்றி இருக்கும், உடல் கருத்து மினுங்கும். பெட்டையின் தலை சாம்பல் பூத்து, உடல் பழுப்பாகத் தெரியும். மார்பில் கயிறுபோல் தொங்குவது தாடி. முடிபோல் தெரிந்தாலும் அது இறகின் ஒரு வகை. ஒரு வயது விடலைக்குச் சில அங்குலம், முதிர்ந்த சேவலுக்கு எட்டு, ஒன்பது, அதற்கு மேலும். விரித்த தோகையில் நடு இறகுகள் மட்டும் நீண்டிருந்தால் விடலை, ஒரே சீராக இருந்தால் முதிர்ந்தது.

சில பெட்டைகளுக்கும் தாடி இருக்கும். சட்டம் தாடியைத்தான் சொல்கிறது, எனவே அதைச் சுடுவது குற்றமில்லை. ஆனாலும் விட்டுவிடுங்கள். அது கூட்டில் முட்டைகளை வைத்துவிட்டு மேய வந்திருக்கலாம்.

சரியா எப்போ, எங்க சுடணும்?

கழுத்தின் நடுவில், இறகு முடிந்து சிவந்த சதை தொடங்கும் இடத்தில். உடம்பில் சுடாதீர்கள், இறகும் தசையும் ரவையைத் தடுத்துவிடும். தோகை விரித்து நிற்கும்போது கழுத்து உள்ளே சுருங்கியிருக்கும். மெதுவாக ஒரு கிளக் போட்டால் தலையைத் தூக்கும், அப்போது சுடுங்கள். அதன் தலை மரத்துக்குப் பின்னால் மறையும் நேரத்தில் மட்டும் துப்பாக்கியை நகர்த்துங்கள். அது நின்ற இடத்துக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரியாவிட்டால் விசையைத் தொடாதீர்கள். பக்கத்திலேயே இரண்டாவது பறவை நின்றாலும் காத்திருங்கள்.

விழுந்ததும் சேஃப்டியைப் போட்டுவிட்டு வேகமாகப் போய்க் கழுத்தில் காலை வையுங்கள். சில நிமிடம் இறக்கை அடிக்கும், காலில் உள்ள முள் கிழித்துவிடும். எழுந்து ஓட முயன்றால் உடனே மறுபடி சுடுங்கள். காட்டுக்குள் காயத்தோடு போய்விட்டால் அன்றைய காலை முழுவதும் தேடுவது உங்கள் கடமை. எடுத்துக்கொண்டு நகரும் முன்பே டேக் கட்டி, பத்து நாளுக்குள் வேட்டைத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். சுமந்து வரும்போது ஆரஞ்சுத் துணியால் சுற்றிவிடுங்கள்.

உண்ணிக்குப் பயமா இருக்கு.

பயம் நியாயமானது. லைம் நோய் அதிகம் பதிவாகும் மாநிலங்களில் பென்சில்வேனியாவும் ஒன்று, மே மாதம் கடுகளவு இளம் உண்ணிகள் திரியும் நேரம். உடைக்கும் காலணிக்கும் 0.5 சதவீத பெர்மெத்ரின் தெளித்துக் காயவைத்துப் போடுங்கள். தோலில் தெளிக்கக் கூடாது. ஈரமாக இருக்கும்வரை பூனையை அருகே விடாதீர்கள், அதற்கு நஞ்சு. பேன்ட்டைக் காலுறைக்குள் செருகுங்கள். வீட்டுக்கு வந்ததும் உடையை உலர்த்தியில் போட்டுவிட்டுக் குளித்து, முட்டியின் பின்புறம், அக்குள், இடுப்பு, தலைமுடி எல்லாம் தடவிப் பாருங்கள். கடித்திருந்தால் நுனி மெல்லிய இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள்.

கறி ரப்பர் மாதிரி இருக்குமாமே?

நெஞ்சுக்கறி அப்படி இல்லை. உப்புத் தண்ணீரில் ஓர் இரவு ஊறவைத்து, நார்க்குக் குறுக்கே மெல்லியதாக வெட்டி மிளகு வறுவல் செய்தால் பத்து நிமிட வேலை. அதிகம் வேகவிட்டால் வறண்டுவிடும். உள்ளே 165 டிகிரி ஃபாரன்ஹீட் வந்தால் போதும். வெட்டும்போதே விரலால் தடவி ரவைகளை எடுத்துவிடுங்கள்.

தொடையும் காலும்தான் கடினம். எலும்புபோல் இறுகிய நரம்புகள் ஓடும், அதனால் இங்கே பலர் அதைத் தூக்கி எறிகிறார்கள். நம் வீட்டில் குக்கர் இருக்கும்போது அப்படி வீணாக்கக் கூடாது. சின்ன வெங்காயம், மிளகு, சீரகம் தட்டிப்போட்டு ஒரு மணி நேரம் வேகவிட்டால் கறி எலும்பிலிருந்து கழன்று வரும். அந்தச் சாறு முதிர்ந்த நாட்டுக்கோழிச் சாறைவிட அடர்த்தி. கெட்டியான நரம்புகளை அப்போது உருவி எடுத்துவிடலாம். கறியை நண்பர்களுக்குக் கொடுக்கலாம், விற்கக் கூடாது.

மூணு வருஷமா போறேன், ஒண்ணுகூடக் கிடைக்கலை. என்ன தப்பு செய்றேன்?

எனக்கு நான்காவது வருடம்தான் கிடைத்தது. கேட்டவர்களோடு உட்கார்ந்து அவர்கள் போன காலைகளைப் பேசிப் பார்த்தபோது மூன்று விஷயங்கள் திரும்பத் திரும்ப வந்தன: காகிதத்தில் சுட்டுப் பார்க்காத துப்பாக்கி, ஓயாத அழைப்பு, சீக்கிரம் எழுந்துவிடுவது. முதலாவதை ஒரே மாலையில் சரிசெய்துவிடலாம். இரண்டாவதற்கு, ஒருமுறை கூப்பிட்டால் கைக்கடிகாரத்தைப் பார்த்துப் பதினைந்து நிமிடம் கழித்துத்தான் அடுத்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவதற்கு, இனி ஒன்றும் இல்லை என்று முடிவுசெய்து எழப்போகும் அந்த நொடியில் இன்னும் அரைமணி நேரம் உட்காருங்கள். துப்பாக்கி முழங்கால்மேலேயே இருக்கட்டும். கண்ணை மட்டும் இடமிருந்து வலமாக மெதுவாக நகர்த்துங்கள். என் நான்காம் வருடச் சேவல் அப்படி உட்கார்ந்திருந்தபோது, கடைசியாகக் கத்தி ஐம்பது நிமிடம் கழித்து, ஒரு சத்தமும் இல்லாமல் என் வலப்பக்கத்து வேலியோரமாக நடந்து வந்தது.